மூன்றாவது சிலிண்டர்

சண்டை போட்டு நாலாவது நாள்.
ஓராள் செய்கிற வேலை இல்லை இது,
அதனால்தான் வியானியைக் கூப்பிட்டேன்.
வந்தான். பேசவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருட மாருதி.
சக்கர வளைவுகளைத் தங்கச்சிமடத்து உப்புக்காற்று
முறுக்கு மாதிரி கொறித்துவைத்திருக்கிறது.
ரிங் போச்சு, காயலாங்கடைக்குத் தள்ளிரு
என்பது அவன் கட்சி.
வால்வு என்பது என் கட்சி.
இதற்கா நாலு நாள் என்று கேட்டால்
இதற்கும் இல்லை.

லாஞ்ச் மெக்கானிக் சந்தியாகு தந்த கேஜ்
டீசலுக்கு ஆனது.
ஆயிரம் வரை எண் போட்ட அந்த முகத்தில்
இந்த வண்டியின் மூச்சு
ஓரமாக ஒதுங்கி நிற்கும், படிக்க முடியாது.
மதுரையிலிருந்து வேறு வரவழைத்தேன்.
விலையை வீட்டில் சொல்லவில்லை.

பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினோம்.
பிளக் குழிகளில் கச்சான் கொண்டுவந்த மணல்.
சைக்கிள் பம்பால் ஊதித் தள்ளிவிட்டுத்தான்
ஸ்பேனரை வைத்தேன்.
மூன்றாவது வரமாட்டேன் என்றது.
கொஞ்சம் டீசல் விட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வந்தபின்
கிறீச்சென்று இளகியது.

காயில் ஒயரையும் பிடுங்கியாயிற்று.
இனிப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

"முழுசா மிதி."
ஓர் அடிகூட நகரப்போகாத வண்டிக்குள் உட்கார்ந்து
ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தான்,
சாவியைத் திருகினான்.
நாலு தரம் முக்கியது எஞ்சின். ஐந்து.
"எவ்வளவு?"
நாலு நாளில் அவனுடைய முதல் வார்த்தை.
"நூத்தி அறுபத்தஞ்சு."

இரண்டாவது, நூத்தி அறுபது.
மூன்றாவதில் முள்
அறுபதில் தயங்கி
தொண்ணூறில் உட்கார்ந்துவிட்டது.
தூக்கிய பானெட்டுக்கு அந்தப்பக்கம்
முகம் தெரியவில்லை.
"சொன்னேன்ல" மட்டும் வந்தது.

இருமல் மருந்து மூடியில் ஆயில் அளந்து
அந்தக் குழிக்குள் விட்டேன்.
ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைக்கும்,
எண் ஏறும்.
வால்வு என்றால் எண்ணெய்க்கு அங்கே சோலி இல்லை.
"திருகு."

தொண்ணூறு.
வேண்டுமானால் தொண்ணூற்றிரண்டு.

ஜெயித்துவிட்டேன்.
ஹெட்டைக் கழற்ற வேண்டும், வால்வு உரச வேண்டும்,
கேஸ்கட் புதுசு,
தடைக்காலம் முடிய இன்னும் இருபது நாள்,
அவன் லாஞ்ச் ஏறாமல் காசு ஏது?
ரிங்காகவே இருந்திருக்கலாம்,
ஒரேயடியாக விற்றுத் தொலைத்திருக்கலாம்.

இறங்கி வந்து கேஜை வாங்கிக்கொண்டான்.
கழற்றிய பிறகும் முள் அதே இடத்தில்.
"இது இறங்காதா?"
"பக்கத்துல குமிழ் இருக்கு. அழுத்தினாத்தான்."

அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.
வடகடலில் கட்டிப்போட்ட லாஞ்சுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
பிறகு, கேஜ் என்ன விலை என்று கேட்டான்.
சொன்னேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம்.
குனிந்து பிளக் துடைத்துக்கொண்டிருந்தேன்,
கேஜா அவனா
பார்க்கவில்லை.