வரையாட்டின் இடது முழங்கால்

என் பொறுப்பு இடது முழங்கால்.
முன்னங்கால்.
ஆறு கால் இரும்பு வரையாட்டின்
மூட்டுக்குள் புகுந்து எண்ணெய் வார்க்க
ஒடுங்கிய தோள் வேண்டுமென்று
டோல்மின் பள்ளிக்கூடத்தில் நாடா பிடித்து அளந்தார்கள்.
மிலோய்கா, வயது பதினாறு, நுழையும்
என்று எழுதிக்கொண்டார்கள்.
அண்ணன் ஆல்பின் அகலம்.
அவனுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரம்தான்.
மூன்று மாடி உயரம்,
கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பீரங்கி,
மூக்கில் வெள்ளை ஆவி.
உள்ளே வெந்த முட்டைக்கோஸ் வாடை.
தீ போடுகிற ஹுஸ்ரெவ் சரயேவோக்காரன்.
வேளை தவறாமல் தொழுவான்,
திசையை மட்டும் என்னிடம் கேட்பான்:
இந்த மிருகம் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?
பொறியாளர் ஹ்ரூபி செக் மொழியில் வைவார்.
கட்டளைக்கு ஜெர்மன், எண்பது சொல் போதும்:
ஏறு, திரும்பு, அழுத்து, நில்.
'ஏன்' எண்பத்தொன்றாவது.

நவம்பரில் நிலக்கரி தீர்ந்தது.
பீச் மரங்களை வெட்டி எரித்தோம். பச்சை மரம்,
புகைதான் மிச்சம்.
பிறகு மேயர் வீட்டுப் பியானோ.
தந்திகள் ஒவ்வொன்றாய் அறுந்தபோது
தீக்குள் உட்கார்ந்து யாரோ
தப்பும் தவறுமாய்ப் பழகுவதுபோல் இருந்தது.
பிறகு ஊராட்சிப் பேரேடுகள்:
பிறப்பு, திருமணம், ஆட்டு வரி.
குப்பென்று பிடித்தன.
அழுத்தமானியின் ஊசி அரைக்கோடுகூட ஏறவில்லை.
ஊர் முழுக்க எரிந்தும்
ஓர் அடி எடுத்துவைக்க ஆவி போதவில்லை.

வரையாடு குனிந்து பார்த்து நடப்பதில்லை.
அக்டோபர் இருட்டில் எங்கள் அகழி ஒன்றின்மேலேயே நடந்தது.
காலுக்குள் இருந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது.
ஹ்ரூபி குறிப்பேட்டில் எழுதினார்:
நிலம் மென்மை.

க்ர்ன் மலை.
பெயரில் ஓர் உயிரெழுத்துகூடக் கிடையாது.
அதன் தோளில், மூடுபனியில், நின்றுவிட்டோம்.
எதிரே, இரண்டு கல்லெறி தூரத்தில்,
இத்தாலியர்களின் இரும்புக் கோவேறு கழுதையும் நின்றுவிட்டது.
கண்ணுக்குத் தெரியவில்லை.
காதுக்குத் தெரிந்தது.

டண் டண் டண். கொஞ்சம் பொறுத்து,
டண்.

மூட்டுக்குள் சுருண்டு கிடந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அது சங்கேதம் இல்லை.
குளிரில் இறுகிப்போன இடது முழங்காலிடம்
சுத்தியல் கெஞ்சுகிற சத்தம்.
போருக்கு முன் இரண்டையும் வார்த்தது ஒரே பட்டறை,
இரண்டிலும் அதே கோணல்.
அங்கேயும் ஓர் ஒடுங்கிய தோள்
தப்பான இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே இல்லை, மக்கே.

தட்டிக் காட்டினேன்.
குதியில் இரண்டு, கனமாக.
அச்சாணித் துளையின் விளிம்பில் ஒன்று, சன்னமாக.
மறுபடி குதியில்.
பிறகு ஆவியைக் கொஞ்சம் கசியவிடு:
உஸ்ஸ்.

என்ன சத்தம் அங்கே, குழாயில் ஹ்ரூபி.
முழங்கால், ஐயா.
பொய் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டது வேறு:
என் முழங்கால் மாலையே இளகிவிட்டது.
அச்சாணியை உருவி
சட்டைக்குள் அக்குளில் வைத்திருக்கிறேன்.
அது இல்லாமல் இந்த ஆடு அசையாது.

பனிக்கு அப்பாலிருந்து வந்தது:
இரண்டு. ஒன்று. இன்னும் ஒன்று.
உஸ்ஸ்.

இப்போது அந்தக் கழுதை நடக்கிறது.
அடிக்கு அடி என் எண்ணெய்க் குவளையில் வளையங்கள்.
வருகிறதா, போகிறதா,
இரும்புக்குள் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்.
அச்சாணி என் உடம்பின் சூட்டுக்கு வந்துவிட்டது.
ஹுஸ்ரெவ் குழாயில் மெல்லக் கேட்கிறான்:
மிலோய்கா, அது எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறது?

பொறு, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
இடது காலை மட்டும்
கொஞ்சம் இழுத்து வைக்கிறது.