முதுசம்

பன்னிரண்டு மணித்தியாலம் வெறுவயிறு,
விடிய ஆறரைக்கே ஆஸ்பத்திரி வீதி லாப்பில் கை நீட்டினேன்.
பின்னேரம் கடதாசி வந்தது.
பெயரில் ஓரெழுத்துப் பிழை,
இலக்கங்களில் இல்லை:

மொத்தம் இருநூற்றைம்பது.
எல்.டி.எல். நூற்றறுபத்தெட்டு.
எச்.டி.எல். முப்பத்திநாலு.
ட்ரைகிளிசரைட் இருநூற்றுநாற்பது.

இருபத்தொரு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில்
கணக்கெழுதின கை சும்மா இருக்குமா?
மினிபஸ்ஸில் நின்றபடியே கூட்டினேன். இடித்தது.
"கடைசி இலக்கத்தை அஞ்சால பிரிச்சுப்போட்டுக் கூட்டுங்கோ"
என்றார் டாக்குத்தர்.
நாற்பத்தெட்டு.
சதம் பிசகாமல் சரிவந்தது.
இவ்வளவு சுத்தமான ஐந்தொகையை
நான் கடன்காரியாய் நிற்கிற ஏட்டில்தான் கண்டேன்.

"எல்.டி.எல். கொண்டுவந்து கொட்டுற லொறி,
எச்.டி.எல். அள்ளிக்கொண்டு போற லொறி.
உங்கட ஒழுங்கையில கொட்டுறதுதான் கூட.
அப்பாவுக்கு என்ன நடந்தது?"

கொடிகாமத்தில், பள்ளிக்கூட விறாந்தையில்,
இடம்பெயர்ந்த பதினோராம் நாள்
தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தேடினபடி
சரிந்தார். நாற்பத்தொன்பது வயது.
யோசினைதான் கொண்டுபோனது என்றார்கள்.
நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.
அந்த வருஷம் யாரும் கொழுப்பை அளக்கவில்லை.

"கூடப்பிறந்தவை பார்த்தவையோ?"

அண்ணன் குகதாசன் ஸ்காபரோவில்.
கோண்டாவிலில் இரண்டு பரப்புக் காணி,
ஆறு வருஷம் கதைபேச்சில்லை.
சுகமோ என்றுகூடக் கேட்காமல் எழுதினேன்:
உங்கட எல்.டி.எல். எவ்வளவு?
நடுச்சாமம் ஃபோன் வெளித்தது.
குளிசை தொடங்க முதல் நூற்றெழுபத்தொண்டு.
ஏன், உனக்கு?

முதுசம் ஆம்பிளையளுக்கு, சீதனம் பொம்பிளையளுக்கு;
தேசவழமை அப்படி.
இது மட்டும் நொத்தாரிசு இல்லாமல், எல்லைக்கல் இல்லாமல்
இரண்டு பேருக்கும் இறங்கியிருக்கிறது.
அவருக்கு மூன்று கூட.
அதற்கு நான் வழக்குப் போடமாட்டேன்.

இரவில் ஒரு குளிசை. பின்னேரத்தில் அரை மணி நடை,
நாய்களுக்காகக் கையில் ஒரு தடி.
ரோல்ஸ் கடையைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம்.
கீரி மீன் பொரிக்காமல் குழம்பில்,
குரக்கன் புட்டு, முருங்கையிலை,
பயறு, பயறு, திரும்பவும் பயறு.
கறிக்கு முதற்பால் இல்லை.
சொதி மஞ்சள் தண்ணியாய் வந்தது.
இவர் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாம் தரம் கேட்கவுமில்லை.

அண்ணனிடம் கேட்டேன்: சொதிக்கு என்ன செய்யிறியள்?
ஆடை எடுத்த பசுப்பால் விடு, பழகும் என்றார்.
தான் பழக மூன்று வருஷமாம்.
காணியைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்று மாதத்தில் திரும்ப ஊசி.
திகதியைக் கலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன்.
உடைத்த தேங்காயின் மற்றப் பாதி
ஃபிரிட்ஜில் கவிழ்ந்து கிடக்கிறது.
அதை என்ன செய்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.