மணி அடித்த இடத்திலிருந்து

மொந்தெவிதேயோ நாடாளுமன்றத்தில்
சுருக்கெழுத்துக்காரி நான்.
பத்து நிமிடம் எழுதுவேன், அடுத்தவள் வந்து உட்காருவாள்.
பேச்சு நிற்காது, கைதான் மாறும்.
கைதட்டலை அடைப்புக்குறிக்குள் போடலாம்,
சிரிப்பையும் போடலாம்.
மௌனத்துக்குக் குறி இல்லை.

நில்தா எச்செபார்னே, தக்குவாரெம்போ தொகுதி,
முதல்முறை எழுந்தபோது கையில் உரை இல்லை.
பள்ளிக்கூட நோட்டு ஒன்று.
முதியோர் இல்லமொன்றின் இரவுக் கணக்கு:
"ஒன்று நாற்பது. மூன்றாம் அறை. ஈரம். மாற்றினேன்.
ஒன்று ஐம்பது. ஏழாம் அறை. அம்மாவைக் கூப்பிடுகிறார், வயது தொண்ணூறு.
இரண்டு மணி. மறுபடி மூன்றாம் அறை."
பக்கத்து இருக்கைக்காரர்
வெந்நீர்க் குடுவையைச் சாய்த்து
மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தார்.
"முப்பத்தொரு பேர் உறங்கும் வீட்டில்
இரவுக்கு ஒருத்திதான், அவைத்தலைவரே,
அவள் ஒருவரைத் தூக்கி நிறுத்தும்போது—"
மணி.
நேரம் முடிந்தது என்றார் தலைவர்.
நோட்டை மூடிவிட்டு அமர்ந்தார். முகம் சுளிக்கவில்லை.
பதிவில் ஒரு கோடு போட்டேன், விதிப்படி.

ஐந்து வாரம் கழித்து
ஐந்தாம் எண் நெடுஞ்சாலைக்குத் தார் போடும் விவாதம்.
பாலத்தைப் பற்றிப் பேசினார், மழையில் அரித்த ஓரங்களைப் பற்றி.
கடைசி அரை நிமிடத்தில், மூச்சு விடாமல்,
"மற்ற முப்பது பேரும் யார் கையில் இருக்கிறார்கள்—"
மணி.
(சிரிப்பு) என்று எழுதினேன்.
உறுப்பினர் பொருளைவிட்டு விலகக் கூடாது
என்பதையும் எழுதினேன்.
வீட்டில் சூப்பைச் சூடாக்கும்போதுதான்
பொறி தட்டியது.
அந்தக் கோட்டின் நுனியை
இந்தச் சொல் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் காத்திருக்கத் தொடங்கினேன்.
பால்விலை விவாதத்தில் ஒரு துண்டு கிடைத்தது.
துறைமுகக் கட்டணத்தன்று ஒன்றுமில்லை,
அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
சிறையில் பிள்ளை பெற்றவர்களைப் பற்றிப் பேசிய நாளில்
அந்த வாக்கியத்தைத் தொடவே இல்லை.
பத்து நிமிடத்தையும் அவர்களுக்கே கொடுத்தார்,
தொட்டிலின் அகலம், கதவின் அகலம் என்று.
தபால்தலை மசோதாவில்
யாரும் எதிர்பாராத நேரத்தில்
இன்னொரு துண்டு.

மூன்று வருடத்து வாக்கியம் என் இழுப்பறையில் இருக்கிறது:
முப்பத்தொரு பேர் உறங்கும் வீட்டில் இரவுக்கு ஒருத்திதான்,
அவள் ஒருவரைத் தூக்கி நிறுத்தும்போது
மற்ற முப்பது பேரும் யார் கையில் இருக்கிறார்கள்
என்று கேட்டால் கடவுள் கையில் என்கிறீர்கள்,
சம்பளப் பட்டியலில் கடவுளின் பெயர் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன், ஆகவே—

நான்காம் குளிர்காலத்தில் மசோதா வந்தது.
இரவுக்கு இருவர். அவ்வளவுதான், ஒரே ஒரு பிரிவு.
அன்று அவர் இடுப்பெலும்பு முறிந்து
ஊர் மருத்துவமனையில் கிடந்தார்.
அவருடைய இருக்கையில் மாற்று உறுப்பினர்,
வாஷிங்டன் ஒலாசா என்றொரு இளைஞர்,
புதுக் காலணி கடிக்கிறது போல,
ஒரு காலைக் கழற்றி வைத்துக்கொண்டு கை தூக்கினார்.
தொண்ணூற்றொன்பதில் ஐம்பத்தொன்று.
அவர் எதுவும் பேசவில்லை.
ஆகவே, அந்த 'ஆகவே' அப்படியே நிற்கிறது.

நான் முடித்திருக்கலாம்.
அவர் நடை என் விரலுக்குத் தெரியும்,
ஒரு சொல் போதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.
எழுதுகிறவள் சேர்க்கக் கூடாது.
பேனாவை மூடினேன்.

எங்கள் பளிங்குக் கூடத்துக்கு
தொலைந்த காலடிகளின் மண்டபம் என்று பெயர்.
அன்று என் குதிகால் சத்தம்
தொலையாமல் வாசல்வரை கூடவே வந்தது.

பேருந்தில், அக்ராசியாதா சாலைத் திருப்பத்தில்,
இரண்டாம் மாடியில் விளக்கெரியும் ஜன்னல்.
திரைக்குப் பின்னால் ஒரு நிழல் குனிந்து
இன்னொரு நிழலை அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தது.
தூக்கியதா என்று தெரியவில்லை, சிக்னல் விழுந்துவிட்டது.
சட்டம் ஜனவரியில்தான் அமலுக்கு வரும்.
இது ஆகஸ்ட்.