காலுறை

எஸ்பியர் துறைமுகத்தில்
காற்றாலை இறகுகள் படுத்துக் கிடக்கும்,
கப்பல் வரும் வரை.
நானும் அப்படித்தான் கிடந்தேன்
ஏழு வாரம், கூடத்துத் தரையில்,
கால்கள் இரண்டும் நாற்காலி மேல்.

கோபுரத்தின் வயிற்றுக்குள்
தொண்ணூறு மீட்டர் ஏணியைப்
பதினாறு வருடம் ஏறி இறங்கியவன்.
அங்கே ஒன்றும் ஆகவில்லை.
வீட்டில், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து
ஒரு தேக்கரண்டி எடுக்கக் குனிந்தேன்.
பிடித்துக்கொண்டது.
கரண்டி கையில்.
இன்னும் குனியவும் வழியில்லை,
நிமிரவும் வழியில்லை.
யாருக்கோ நெடுநேரம் வணக்கம் சொல்பவனைப் போல
நின்றேன், சோல்வை வேலை முடிந்து வரும் வரை.

மறுநாள் காலை
அவள் எதுவும் கேட்கவில்லை. மண்டியிட்டாள்.
கம்பளிக் காலுறையை வளையமாகச் சுருட்டி
விரல்களில் கோத்து
குதிகாலைத் தாண்டி இழுத்துவிட்டாள்.
முதலில் இடது. எப்போதும் இடதுதான் முதலில்.
அவள் உச்சி வகிட்டில் நரை இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

குன்வோர் ரௌன் என்னும் கைரோபிராக்டரின் அறை
மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்.
பெயர்ப்பலகையில் கடற்பறவை எச்சம்.
முறுக்கி எடுப்பாள் என்று பயந்து போனேன்.
கேள்விதான் கேட்டாள்:
கால் மரத்துப்போகிறதா?
சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா?
ராத்திரி வலி எழுப்புகிறதா?
காய்ச்சல், எடை குறைவு?
"ஒன்றுக்காவது ஆம் என்றிருந்தால்
உங்களைத் தொட்டிருக்கமாட்டேன்,
நேரே மருத்துவமனைதான்."

பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து
தோளை அந்தப் பக்கம், இடுப்பை இந்தப் பக்கம்.
மூச்சை விடுங்கள் என்றாள்.
விட்டேன்.
நெட்டி முறிந்தது.

"எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதா?"
"அது எங்கும் போகவில்லையே.
மூட்டு நீரில் ஒரு குமிழி, அவ்வளவுதான் சத்தம்.
சத்தத்துக்கு நான் காசு வாங்குவதில்லை."

என் மாமன் ஹோல்கர் சொல்லியிருந்தார்,
ஆஸ்துமா போகும், காது கேட்கும், ஆயுள் கூடும் என்று.
அதையும் கேட்டுவைத்தேன்.
அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"எனக்கு முதுகு தெரியும்.
அதிலும் கொஞ்சம்."

அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது.
நான்கு தடவை போனேன். ஐந்தாம் தடவை
மேசையில் ஏறவே விடவில்லை.
"நடங்கள்" என்றாள். "ஒளிந்திருப்பது வலியல்ல,
வலிக்குமோ என்ற பயம்."
அலைதாங்கிச் சுவரோரம் நடந்தேன்,
உப்புக்காற்று முகத்தில் அறைய.
ஒரு நாள் கலங்கரை விளக்கம் வரை.
ஒரு நாள் பாதியில் திரும்பினேன்.
ஒரு நாள் மழை, சாக்குச் சொல்லி வீட்டிலேயே.
வலி சொல்லிக்கொண்டு போகவில்லை.
ஒரு மாலை
மாடிப்படி ஏறி முடித்தபின்தான்
கைப்பிடியைப் பிடிக்காமலே ஏறியது தெரிந்தது.

புதன்கிழமை. விடிய இன்னும் நேரமிருந்தது.
சோல்வை காபி போட்டுக்கொண்டிருந்தாள்.
கட்டிலில் உட்கார்ந்து,
சும்மா பார்ப்போமே என்று
முழங்காலை மடக்கினேன்.
வந்தது.
இடது உறையை நானே மாட்டினேன்.
பெருவிரல் நுனி வரை என் கை போய்,
பழைய நண்பனைப் பார்த்ததுபோல்
அங்கேயே கொஞ்சம் நின்றது.

அடுப்படியில் கோப்பைகள் உரசின.
அவள் காலடி.

கழற்றிவிட்டேன்.
அவசரமாகச் சுருட்டி
மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் மண்டியிட்டாள். இடது கால்.
உறையை விரித்தவள்
ஒரு கணம் நிறுத்தினாள்.
கம்பளி இன்னும் சூடாக இருந்திருக்கும்.

தலையை நிமிர்த்தவில்லை.
"குன்வோர் என்ன சொன்னாள்?" என்றாள்.
"இன்னும் ஒரு வாரம்" என்றேன்.
"ம்" என்றாள்,
குதிகாலைத் தாண்டி
மெதுவாக,
வழக்கத்தைவிட மெதுவாக
இழுத்தபடி.