எடைப்பாலத்தில் பர்மியம்

லங்காப் ஆலையில் லோரி நிறைந்து ஏறும், காலியாய்த் திரும்பும்.
கண்ணாடித் துளைக்கு இந்தப் பக்கம் நான்.
வண்டி எண், மொத்த எடை, கழிவு,
ஏற்றியவர் பெயர் என்கிற கட்டத்தில்
பர்மா 14.

பதினான்குக்கு ஒரு பெயர் இருந்தது. டுன் லுவின்.
முதல் நாளே கண்ணாடியைத் தட்டி "அமா" என்றார்.
எனக்கு முப்பத்தாறு. அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும்.
யாருக்கு யார் அம்மா என்று முறைத்தேன்.
அமா என்றால் அக்காவாம்.
அப்படியும் கணக்கு உதைத்தது.

பழைய ரசீதுகளின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.
யே, தண்ணீர்.
தமின், சோறு.
பைஸான், காசு. இதை மட்டும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.
எய்ன், வீடு.
பெயர்ச்சொல் நல்லது, கையில் தூக்கிக் காட்டலாம்.
பாட்டிலைக் காட்டினார், பொட்டலத்தைக் காட்டினார்.
வீட்டுக்கு
எந்தத் திசையில் நீட்டுவதென்று தெரியாமல்
கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

பெயருக்குப் பதிலாய் வருகிற சொற்கள்தான் வம்பு.
நான் என்பதற்கு அவர் சொன்ன "ச்சனோ"வை
நானும் சொன்னேன்.
பின்னால் நின்ற லோரி முழுக்கச் சிரித்தது.
அது ஆம்பிளை சொல்லும் நான்.
என்னுடையது "ச்சமா".
ஆனால் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், "தூ".
நாம் நேர் எதிர்.
நான் என்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை,
ஆள் நகர்ந்ததும்
அவன், அவள், அவர், அது என்று தரம் பிரிக்கிறோம்
பழுத்த குலை, காய்க்குலை மாதிரி.

தூ. சொல்லிப் பார்த்தேன்.
நம் வாயில் அது துப்புகிற சத்தம்.
மண்டோரைப் பற்றிப் பேச ரொம்ப வசதி.

ச்சனோவைப் பிரித்தால் உள்ளே ஓர் அடிமை உட்கார்ந்திருக்கிறானாம்.
உடைந்த மலாயில் "ஹம்பா" என்று விளக்கினார்.
நான் அதிர்ந்துவிடவில்லை.
கோயிலில் அடியேன் என்கிறோம்,
ஆபீசில் சாயா என்கிறோம்,
சம்பள உயர்வு கேட்கப் போனால்
எதையும் சொல்லாமல் திரும்பி வருகிறோம்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஒரு குலை சரிந்து அவர் முழங்காலில் விழுந்தது.
என் தராசு அதைத் தனியாய் நிறுக்கவில்லை.
தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோனார்கள்.
அவர் கைப்பேசி என் மேசையில் சார்ஜில் கிடந்தது,
ஆறு மணிக்கு அலறியது. ஒரு பெண் குரல்.

என் கையிருப்பு:
தூ. யே. தமின்.
சேயோன், மருத்துவமனை. அதை எப்படியோ எழுதி வைத்திருந்தேன்.
வினைச்சொல் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்.

"தூ" என்றேன். "சேயோன்" என்றேன்.
அங்கேயும் வினை கடைசியில்தான் வரும்போல.
அவள் காத்திருந்தாள்.
வாக்கியம் வாயைப் பிளந்தபடி நின்றது,
ஹார்ன் அடிக்கிற லோரிகளுக்கு நடுவே.
பிறகு அவளே கேட்டாள்,
"ஷி-லா?"
பெயரும் இல்லை, பெயருக்குப் பதிலும் இல்லை.
கேள்வியின் வாலை வெட்டிவிட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்: "ஷி."
ஷி. இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.
என் முதல் வினைச்சொல் என்று
இரவெல்லாம் கர்வமாய் இருந்தேன்.

பதினொரு நாள் கழித்து மாவுக்கட்டோடு வந்தார்.
மனைவி கேட்டது அவரையில்லையாம்.
ஆஸ்பத்திரிக்குக் கட்டக் காசு இருக்கிறதா,
அதுதான் கேள்வி.
அமா இருக்கு என்றதை நம்பி
அடகுக் கடை வாசல் வரை போனவள்
வளையலோடு திரும்பிவிட்டாளாம்.
சிரித்தபடிதான் சொன்னார்.
கடன் வாங்கிய கதையை மலாயில் சொன்னார், சிரிக்காமல்.

ரசீதைத் திருப்பினேன், ஷிக்கு எதிரே
என்ன எழுதலாமென்று.
அதற்குள் எடைப்பாலம் அதிர்ந்தது.
லோரியிலிருந்து இறங்கிய பையனுக்கு இருபதுகூட இருக்காது.
கட்டத்தில் மண்டோர் ஏற்கெனவே நிரப்பியிருந்தார்:
பர்மா 14.

பழைய பதினான்கு கட்டையை ஊன்றி
ஓரமாய் ஒதுங்கிக்கொண்டார்.
பையன் கண்ணாடியைத் தட்டி
"அமா" என்றான்.
இந்தத் தடவை கணக்கு சரியாக இருந்தது.