சேமி, சேமியா

இரவு பத்துக்குக் கடை ஷட்டர் இறங்கும்.
அதற்கப்புறம்தான் என் வேலை.
ஒரு கையில் லேபிள் துப்பாக்கி,
மறு கையில் மேலாளர் தந்த பட்டியல்.
நேற்றைய விலையின் முகத்தில்
இன்றைய விலையை ஒட்டுவேன்.
எண்ணெய், சோப்பு, கோதுமை மாவு.
க்ளிக். க்ளிக்.
பாஹியா பிளாங்காவின் காற்று வெளியே
தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்.
க்ளிக்.

பகலில் நான் அப்பா.
ஐலெனுக்கு எட்டு வயது ஆன அன்று
பால் இனிப்பு தீர்ந்த டின்னைக் கழுவி
மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன்.
"வாராவாரம் சேமி. போட்டதை எடுக்காதே.
நிறைந்தால் சக்கரக் காலணி."
வங்கி விளம்பரத்தில் வருகிறவனின் குரல்
எனக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை.

போட்டாள்.
விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு
தலையணைக்கடியில் எலி வைத்துவிட்டுப்போன நோட்டு.
ஊருக்குப் போன பக்கத்து வீட்டாரின் நாய்க்குச்
சோறு வைத்த கூலி.
வேண்டாமென்று சொன்ன ஐஸ்கிரீம்கள்.

ஏழு மாதம்.
சனிக்கிழமை நானே கூட்டிப்போனேன்.
மூன்றாம் வரிசை, கீழ்த்தட்டு,
ஊதா நிறம், முப்பத்து மூன்றாம் அளவு.
அவள் டின்னைத் திறக்கவில்லை.
பெட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டினாள்.
ஒன்றுக்குக் கீழ் ஒன்று,
வெங்காயம் உரிக்கிற மாதிரி.
ஆறாவதில் நிறுத்திச் சொன்னாள்:
"இந்த விலைக்குத்தான் நான் சேர்த்தேன்."
பிறகு கேட்டாள்:
"மேலே இருக்கிறதெல்லாம் யார் ஒட்டினது?"

டாலர் என்றேன். அரசாங்கம் என்றேன்.
என் கட்டைவிரலில் பசை காய்ந்திருந்தது.

அவள் அழுதிருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சம்பளம் வந்த அன்று மாலையே
நானும் கிரிசெல்டாவும் கடைக்கு ஓடுவோம்,
பனிக்கட்டி வாங்கினவன் வீட்டுக்கு ஓடுகிற மாதிரி.
கரைவதற்குள் அரிசி, கரைவதற்குள் எண்ணெய்.
அந்த மாதம் மூன்றாவது ஆளாய் அவளும் ஓடிவந்தாள்.
டின்னை அப்படியே கவுண்டரில் கவிழ்த்தாள்.
"எனக்குச் சேமியா."

தேவதைக் கூந்தல் என்பார்கள் எங்கள் பக்கம்.
நாற்பத்திரண்டு பாக்கெட் கூந்தல்
அவள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது.
நான் சிரித்தேன்.
மாதக் கடைசியில் சிரிப்பு நின்றது.
சமையலறை அலமாரியில் உப்பும்
ஒரு பூண்டும் இருந்தன.

தந்தாள். நோட்டிலும் எழுதினாள்:
*அம்மா கடன், சேமியா மூன்று.
காசாக வேண்டாம். சேமியாவாகவே தரவும்.*
என் பெயருக்கு எதிரே நான்கு.
"நான் வாங்கினது மூணுதானே?"
"நீ ஒரு வாரம் லேட்டு. கட்டிலுக்கடியில எலி வருது.
பல்லு எலி இல்லை, நிஜ எலி."

போன புதன்கிழமை
பட்டியலில் சக்கரக் காலணி இருந்தது.
முப்பத்து மூன்றை மட்டும் விட்டுவிட்டு
நாய்த்தீவன மூட்டைகள் வரை நடந்துவிட்டேன்.
அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.
திரும்பி வந்து
க்ளிக்.

விடிந்ததும் அவளிடம் சொன்னேன்,
எப்படியும் தெரிந்துவிடும் என்று.
"ஊதாக் காலணி விலை ஏறிடுச்சும்மா."
ரொட்டியைப் பாலில் நனைத்தபடியே நோட்டைப் புரட்டினாள்.
"போன மாசம் அது அறுபத்தோரு சேமியா.
இந்த மாசமும் அறுபத்தொண்ணுதான்.
சேமியாவுக்கும் நீதானே ஒட்டினே?"

ஒட்டினேன்.
செவ்வாய் இரவு, எட்டாம் வரிசை.

"சம்பளத்தன்னைக்கு நீங்க கடைக்கு ஓட வேண்டாம்,
என்கிட்டயே வாங்குங்க.
கடை விலைதான்.
அம்மா மூணு பாக்கி. நீ நாலு."
பென்சிலை நாக்கில் தொட்டுத்
தேதியைப் பார்த்தாள்.
"அஞ்சு."