நாற்பத்துமூன்று சனிக்கிழமைகள்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு ஆறாயிரத்து எண்ணூறு பவுண்டு கேட்கிறார்
பென்ரித் ஊர் திரெல்கெல்டு.
நான் ஆட்டுச் சந்தையில் எடை எழுதுகிறவள்,
பல் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.

மோரிஸ் டிராவலர், அறுபத்தேழாம் வருடத்தது.
பின்பாதிக்கு மரச்சட்டம்.
அதில் முந்தாநாள் அடித்த வார்னிஷ் வாசனை.
வார்னிஷ் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.
கராஜ் வாசலிலேயே நின்று
பதிவெண்ணை ஃபோனில் தட்டினேன்.
ஒரு மழைத்துளி விழுந்து
ஏழை எட்டாக்கியது.
யாருடையதோ ஒரு டிராக்டர் வந்தது.
துடைத்துவிட்டு, மறுபடி.

இப்போது சரி. எம்.ஓ.டி. வரலாறு,
புதியது மேலே, பழையது அடியில்.
நான் எப்போதும் அடியிலிருந்துதான்.

2007: தோல்வி. இடப்பக்க அடிச்சட்டம் துரு, விரல் நுழைகிறது.
நான்கு நாள் கழித்துத் தேர்ச்சி.
2008: தேர்ச்சி. பின்கதவை ஒட்டிய மரம் மெதுவாகிறது, கவனிக்கவும்.
2009: தேர்ச்சி. அதே மரம். கவனிக்கவில்லை.
2010: தோல்வி. அதே மரம்.

எழுதியவருக்குக் கவிதை வராது,
பொய்யும் வராது போல.

வருடத்துக்கு இருநூறு, முந்நூறு மைல்:
கடைக்கு, சோதனைக்கு, வெயில் வந்தால் ஏரிக்கு.
2010-ல் 81,412.
2011-ல் 90,442.

"மிஸ்டர் திரெல்கெல்டு,
இந்த ஒரு வருடம் மட்டும் ஒன்பதாயிரமா?"

துடைத்த பானெட்டையே திரும்பத் துடைத்தார்.
"விட்பியில் ஒருத்தி இருந்தாள்" என்றார்.
"சனிக்கிழமைகளில்."

போக நூற்றைந்து மைல், வர நூற்றைந்து.
எடை எழுதும் புத்தி விடுமா?
வகுத்துப் பார்த்தேன்: நாற்பத்துமூன்று.
மிச்சம் ஒன்பது வாரம்
ஸ்டெய்ன்மோர் மேட்டில் பனி, பாதை அடைப்பு.
மீட்டர் திருகுகிறவன்
இவ்வளவு கச்சிதமாய்த் திருக மாட்டான்.

"அப்புறம்?" என்றேன்.
வண்டியைத்தான் கேட்டேன், சத்தியமாய்.
அவர் சொல்லவில்லை. திரை சொன்னது.
2012: தோல்வி. கைபிரேக் பிடிக்கவில்லை.
அந்த வருடம் ஓடியது அறுபத்தொரு மைல்.

பதினெட்டில் சட்டம் வந்தது:
நாற்பது தாண்டிய வண்டிக்குச் சோதனை கட்டாயமில்லை.
(எனக்கு நாற்பத்தாறு. இந்த வரியில் கொஞ்சம் நின்றேன்.)
நான் பார்த்த பழைய வண்டிகளுக்கெல்லாம்
கதை அங்கேயே அறுந்துபோகும்.
அதற்குப் பின் விற்கிறவர் வாய்தான் சான்றிதழ்.
கார்லைல்காரன் காட்டிய சிவப்பு ஹெரால்டில்
பதினெட்டுக்குப் பின் ஒரு வரி இல்லை,
தரை விரிப்பைத் தூக்கினால் தரையும் இல்லை.

இதற்கு இருந்தது.
2019: தோல்வி, ஹாரன்.
2020: வெற்று. அந்த வருடம் யாருக்குத்தான் என்ன இருந்தது?
2021: தேர்ச்சி.
2022: தோல்வி, மறுபடி அந்த மரம்.
2023: தேர்ச்சி, 94,118.

"யாரும் கேட்காதபோது ஏன் போனீர்கள்?"
"அந்தப் பையன் நல்ல டீ போடுவான்."

ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்துக் குத்திப் பார்த்தேன்.
மரம் மரமாகவே இருந்தது.
முதுகெல்லாம் ஈரம்.
ஒருமுறைகூடத் தோற்காத வண்டியென்றால்
அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆறாயிரத்து முந்நூறு என்றேன்.
எழுநூறு என்றார்.
ஹாரன் என்றேன். ஐந்நூறு என்றார்.

சாவியைத் தரும்போது சொன்னார்:
"கைபிரேக்கை இரண்டு தடவை இழுக்கணும், மிஸ் பிர்கெட்."

என் வீட்டுத் தெரு சரிவு.
இரண்டு தடவை இழுத்தேன்.
அரையடி நகர்ந்து, யோசித்து,
நின்றது.